நாலு லட்சம் பேரின் காலடி மண்

சர்க்கரை போட்ட டீ எனக்கு ஒத்துக்கொள்வதில்லை மேடம். ஆனாலும் நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்களே என்று குடித்துவிட்டேன். இந்த வெயிலில் ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது தடவையாக வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வார்டுக்கு வெளியே இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பேசலாம். இங்கே கொஞ்சம் காற்று வருகிறது.

நேற்று என் மகள் பவானி உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது கை வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அது சரியில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் என்னோடு மீன் வறுவல் கடையில் நிற்கிறாள். கொதிக்கிற எண்ணெயில் அவள் மீனைப் போட்டால் ஒரு துளி வெளியே தெறிக்காது. அவளைப் போய் கவனமில்லாத பெண் என்று காகிதத்தில் எழுதி வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் உங்களை மறுபடியும் கூப்பிடச் சொன்னேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் மாயவன் கடலுக்குப் போகிறவர். முதலில் ஒரு பையன் பிறந்தான். வெற்றிச்செல்வன் என்று பெயர் வைத்தோம். கொழுகொழுவென்று இருப்பான். தெருவில் தூக்கிக்கொண்டு போனால் யாராவது ஒருவர் வாங்கிக் கொஞ்சாமல் விடமாட்டார்கள். எனக்கு அதில் பெருமையாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒருநாள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்துச் சீட்டில் ஒரு பெண். நல்லவள்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பையனை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, "அய்ய, இன்னா அழகு இது. ராஜா வூட்டுப் புள்ள மாதிரி கீறான் பாரு" என்று கன்னத்தைக் கிள்ளி உதட்டில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் அவன் உடம்பு கொதித்தது. அந்த வாரமே போய்விட்டான். மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். நோய்க்கு அவர் பெயர் சொன்னார், அவ்வளவுதான். அது எந்த வழியாக வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்றைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் கன்னத்தில் மை வைக்க மறந்துவிட்டேன். தொப்பி எடுத்தேன். பால் புட்டி எடுத்தேன். மாற்றுத் துணி எடுத்தேன். அதை மட்டும்தான் மறந்தேன்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை மேடம். கண் படுவது அவர்கள் கையில் இல்லை. நல்ல மனசோடு பார்த்தாலும் படும். பார்க்கிறவர்களைத் திட்டி என்ன செய்வது? பார்க்கப்படுகிற பொருளை வைத்திருக்கிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு குப்பத்தில் இருக்க முடியவில்லை. கூட்டேரிப்பட்டுக்கு வந்து, கூட்டுரோட்டில் ஒரு கொட்டகை போட்டு மீன் வறுவல் கடை வைத்தோம். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் டூவீலரில் மரக்காணம் போய் மீன் எடுத்து வருவார். பக்கத்தில் சௌந்தரம் அக்கா பூக்கடை வைத்திருந்தது. அக்கா சுத்திப்போட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கும் என்று மயிலத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

பவானி பிறந்ததும் சௌந்தரம் அக்கா சொன்னபடியெல்லாம் செய்தேன். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தோம். ஒரு முறம் தவிட்டுக்கு அக்காவிடம் விற்றுத் திரும்ப வாங்கினோம். பள்ளிக்கூடத்தில்தான் அவள் பவானி. வீட்டில் குப்பு. ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று நினைத்துக் கண் விலகிப் போக வேண்டும், அதற்காகத்தான் இதெல்லாம். கன்னத்தில் வைக்கிற பொட்டும் அதற்குத்தான். முழுசாக, பழுதில்லாமல் ஒன்று இருந்தால் கண் அதில் போய் நிற்கும். ஒரு பழுது இருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மற்றவர்கள் இதைச் சும்மா செய்கிறார்கள். நான் யோசித்துச் செய்தேன்.

ஆனால் பிள்ளை அழகாக வளர்ந்தது. மொட்டை போட்டேன். முடி முன்னைவிட அடர்த்தியாக வந்தது. மறுபடியும் போட்டேன். வருஷத்துக்கு ஒரு காய்ச்சலாவது வந்துவிடும், எனக்கு உயிரே இருக்காது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்துக்கு மேலே கிழிந்தது. தையல் போட்டார்கள், தழும்பு நின்றுவிட்டது. அந்த வருஷம் முழுக்க அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை மேடம். நான் கவனித்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மை அழிந்துவிடுகிறது. தழும்பு அழிவதில்லை.

அவள் பெரிய மனுஷியானபோது மஞ்சள் நீராட்டு வைத்தோம். இரண்டு பக்கத்து ஜனமும் வந்து அவளைச் சோடித்து உட்கார வைத்துப் பார்க்கப் போகிறது. அத்தனை கண். அன்று காலையில் கரண்டிக் காம்பைச் சூடாக்கி, அவள் முன்கையில் ஒரு இடத்தில் வைத்தேன். சின்ன இடம்தான். எண்ணெய் தெறித்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அவளும் அப்படியே சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். பேப்பரில் போட்டோ வந்தது. அப்போது நாட்டு மருந்துக் கடையில் சேங்கொட்டை வாங்கி, அதன் பாலை அவள் தூங்கும்போது கழுத்தில் தடவினேன். கொப்புளம் கிளம்பிக் கறுத்துப்போனது. ஏதோ அலர்ஜி என்று சொல்லி டாக்டர் களிம்பு கொடுத்தார். இரண்டு தடவையும் அதன் பிறகு அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

திண்டிவனத்தில் காலேஜில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் கடைக்கு வந்து நிற்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பையன் வந்தான். பிரவீன்குமார் என்று பெயர். பாண்டிச்சேரிப் பையன். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு வீடியோ எடுத்துப் போடுகிறவன். வஞ்சிரம் வாங்கினான். மீனைப் படம் எடுத்தான், சட்டியைப் படம் எடுத்தான், பிறகு பவானியைப் பார்த்து, "சிஸ்டர், உங்க கடை மீனு ஏன் இவ்ளோ டேஸ்ட்டுன்னு சொல்லுங்க" என்றான்.

"எங்கப்பா தூங்காம போய் எடுத்தார்றாரு, எங்கம்மா சிரிக்காம வறுக்குது, நான் சிரிச்சிக்கினே குடுக்கறேன். அதான்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அவள் சிரித்ததை அவன் போட்டுவிட்டான்.

அடுத்த வாரம் கடை முன்னால் காரும் பைக்கும் நிற்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் மீன் சாப்பிட வரவில்லை, அவளோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள வந்தார்கள். பவானி போனைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த வீடியோவுக்கு அடியில் ஒரு எண் இருந்தது.

"இன்னாது இது?" என்று கேட்டேன்.

"வியூஸ்மா. எத்தினி பேரு பாத்தாங்கன்னு காட்டும். நாலு லட்சம் பேரு பாத்துக்கீறாங்க."

நாலு லட்சம் என்றால் என்னவென்று என்னால் மனசில் வாங்க முடியவில்லை. ஒரு பஸ்ஸில் ஒரே ஒரு பெண் பார்த்ததற்கு நான் கொடுத்தது என்ன என்று எனக்குத்தான் தெரியும். கீழே அவர்கள் எழுதியிருந்ததையும் பவானி படித்துக் காட்டினாள். தேவதையாம். கண்ணெடுக்க முடியவில்லையாம். அவள் சிரித்துக்கொண்டே படித்தாள். நான் போதும் என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். யாரைக் கேட்டாரோ, அவள் சிரிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்து கடைக்கு மேலே கட்டிவிட்டார். எங்கள் கடை மெயின் ரோட்டில் இருக்கிறது மேடம். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னலோரத்தில் இருக்கிறவர்கள் தலை ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பும். நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவிழ்த்துவிடச் சொல்லி அவரிடம் அழுதேன். "பைத்தியமாடி உனுக்கு? இப்பத்தான் யாவாரம் சூடு புடிச்சிக்கீது" என்றார். ஒருநாள் நானே அறுத்துப் போட்டேன். மறுநாள் வேறொன்று கட்டினார்.

பவானிக்குக் காய்ச்சல் வந்தது. லேசான காய்ச்சல்தான், மாத்திரையில் இறங்கிவிட்டது. ஆனால் நான் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாய். துளி நெடி வரவில்லை. வீடே இருமியிருக்க வேண்டும் மேடம். யாரும் இருமவில்லை. எவ்வளவு பெரிய கண் பட்டிருந்தால் நெடி அப்படியே அமுங்கிப்போகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சௌந்தரம் அக்காவிடம் ஓடினேன். பூ கட்டிக்கொண்டிருந்தது.

"பூசணிக்கா ஒடச்சேன். படிகாரம் போட்டேன். எலுமிச்சங்கா கட்டிக்கீறேன். ஒண்ணும் கேக்கலக்கா" என்றேன்.

"பாத்தவங்க காலடி மண்ணு எடுத்தாந்து சுத்துடி. அதான் கேக்கும்."

"நாலு லட்சம் பேருக்கா."

அக்கா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தது. "எந்த ஊரு?"

"எல்லா ஊரும்தான். சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தன், துபாய்லேர்ந்து ஒருத்தன் எழுதிக்கீறான்."

அக்கா மடியிலிருந்த பூவைக் கூடையில் தள்ளியது. பிறகு, "ஒருத்தர் ரெண்டு பேருன்னா நான் கழிப்பேன் அம்பிகா. தெருவுன்னாகூட கழிப்பேன். ஒலகமே பாத்துக்கினு கீதுன்னா நான் இன்னாடி பண்ணுவேன்? அத்தினி பேரு காலடி மண்ணுக்கு எங்க போவறது?" என்றது.

அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அதன் முகத்திலேயே பயத்தைப் பார்த்தேன். இருந்தாலும் கூட்டுரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் போய் மண் எடுத்து வந்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் மிதித்த மண்தானே, பார்த்தவர்களில் சிலராவது அதில் மிதித்திருப்பார்கள். ஒரு பை நிறைய எடுத்தேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா தொலச்ச?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவை கட்டி நிற்க வேண்டுமாம். டிவியில் வருமாம். ஊர் ஊருக்குப் பெரிய பெரிய போர்டு வைப்பார்களாம். பவானி தரையில் கால் படாமல் நடந்தாள். அவள் அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் கெஞ்சினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். காலில் விழாத குறை.

"வாணாம் குப்பு. எனக்காகப் போவாத."

"ஒரே ஒரு நாளும்மா. படிப்பு செலவுக்கு ஆவும்."

"உன்ன எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே. பாத்தா இன்னா?"

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டி அந்தத் தழும்பைக் காட்டினாள். "இது எண்ணெ தெறிச்சது இல்ல, எனக்குத் தெரியும். கழுத்துல வந்தது அலர்ஜி இல்ல, அதுவும் தெரியும். நான் எதுனா கேட்டனா உன்ன? அண்ணன் போட்டோ முன்னாடி நீ உக்காந்துக்கினு இருக்கறத சின்ன வயசிலேர்ந்து பாக்கறேன். அதான் கேக்கல. இது ஒண்ணு மட்டும் வுட்டுடும்மா."

"சரி" என்றேன்.

என்னைப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று அப்போது சந்தோஷமாக இருந்தது. பின்னால் யோசித்தபோது, தெரிந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் மனசுக்குள் அவளுக்கும் சம்மதம்தான் என்று பட்டது. பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தப் பிள்ளையாவது நினைக்குமா?

மறுநாள் காலையில் கார் வருவதாக இருந்தது. முந்தின சாயங்காலம் அவள் அப்பா ஐஸ் வாங்கத் திண்டிவனம் போயிருந்தார். கடைக்கு ஆள் வர இன்னும் நேரம் இருந்தது. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் அவளைக் கூப்பிட்டு, போவதற்கு முன்னால் ஒருதடவை சுத்திப்போட்டு விடுகிறேன் என்றேன். கொட்டகைக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தேன்.

"ஜல்தி பண்ணும்மா, மருதாணி வெக்கணும்" என்றாள்.

"கண்ண மூடிக்கோ குப்பு."

மூடிக்கொண்டாள். இதை நீங்கள் முக்கியமாக எழுத வேண்டும் மேடம். கண்ணை மூடச் சொன்னது நான்தான். மூடாமல் இருந்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று இங்கே டாக்டரே சொன்னார்.

உப்பு, மிளகாய், கடுகு, அந்த மண், எல்லாவற்றையும் கையில் வைத்து வலது பக்கமாகச் சுற்றினேன். இடது பக்கமாகச் சுற்றினேன். துப்பச் சொன்னேன், துப்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்ததை அடுப்பில் போட்டேன். இந்தத் தடவையாவது நெடி வந்திருந்தால் நான் விட்டிருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன். அடுப்புப் பக்கமே மூக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு வேறு வழி இல்லை.

எண்ணெயைக் குழிக்கரண்டியில்தான் எடுத்தேன். சட்டியைத் தொடவே இல்லை. கன்னத்தில், சின்ன வயசில் பொட்டு வைப்பேனே, அந்த இடத்தில் மட்டும் என்றுதான் கணக்கு. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். வாழை இலை நறுக்கி வைத்திருந்தேன். யோசிக்காமல் செய்கிறவள் இல்லை நான். ஆனால் நான் கிட்டே போனதும், திருநீறு வைக்கப்போகிறேன் என்று நினைத்து அவள் முகத்தை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதனால்தான் அதிகமாகப் பட்டது. நெற்றி, வலது கண், கன்னம், கழுத்து வரைக்கும்.

அவள் ஒருமுறைதான் கத்தினாள். "அம்மா" என்றுதான் கத்தினாள். சௌந்தரம் அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான்தான் தண்ணீர் ஊற்றினேன். நான்தான் ஆட்டோ பிடித்தேன். இந்த முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வரும் வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவள் என் கையை விடவே இல்லை.

அவள் அப்பா என்னிடம் பேசுவதில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறார், பார்த்திருப்பீர்கள். பேனரை அவரே அவிழ்த்துவிட்டாராம். துணிக்கடைக்காரர்கள் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வதாகப் போனில் சொல்லிவிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்கள். கட்டு மாற்றும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வந்ததிலிருந்து நான் இதையேதான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கண்கூட அவள் மேல் நிற்கவில்லை. பாவம் என்று பார்க்கிறவர்கள் உண்டு. அந்தப் பார்வை ஒட்டாது.

கேஸ் போடுங்கள். ஜெயில் என்றாலும் போகிறேன். பையனுக்கு மை வைக்க மறந்த அன்றைக்கு யாரும் என் மேல் கேஸ் போடவில்லை. அப்போது செய்திருக்க வேண்டும். இப்போது நான் ஒன்றையும் மறக்கவில்லை.

இன்று காலையில் நீங்கள் வருவதற்கு முன்னால் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதி குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினாள். கட்டுப் போடாத கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்ப உனுக்கு பயம் போச்சாம்மா?" என்று கேட்டாள்.

பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது. "போச்சும்மா" என்றேன். பையன் போனதிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை நான் அறிந்ததில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. சத்தமே வரவில்லை. நான் நர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டு, காலையில் போட்ட மருந்து ரொம்ப எரிகிறது போலிருக்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று சொன்னேன்.